கூறுமுன் ஒதுக்கிய மீன்

எமிலியானுசுக்கு முதலில் குரல் போனது. ஆள் பிறகுதான் போனார்.

தொண்டையில் வந்த வருத்தம். டொக்டர்மார் கழுத்தில் ஒரு குழாய் வைத்தார்கள். காற்றுப் போய் வந்தது, சத்தம் வரவில்லை. 1982 மாரியில், நெடுந்தீவில், தன் வீட்டுக் கட்டிலில் கண்ணை மூடினார். சவப்பெட்டியைத் தூக்கியவர்கள் எல்லாரும் அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள். வழி முழுக்க அதைப் பற்றித்தான் கதை. கரையில் நின்று அவர் விலை சொன்னால் கடலில் வருகிற வள்ளத்துக்கு விளங்கும் என்றார் ஒருவர். பூசையில் அவர் பாடத் தொடங்கினால் பாட்டுக்காரர் பாட்டை நிறுத்திவிடுவார்கள் என்றார் இன்னொருவர். இரண்டும் மெய்.

ஆனால் அந்தக் குரல் செய்த பெரிய வேலை வேறு. தன்னுடைய சொல் ஒன்றைக்கூடச் சேர்க்காமல், அடுத்தவன் சொன்னதை மட்டும் அது ஒருநாள் சொல்லியது. எமிலியானுசை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வேலை என்று விளங்கும். அவர் சும்மா இருக்கத் தெரியாத மனிதர்.

அவருடைய தொழில் மீன் கூறுவது. விடிய வள்ளங்கள் வரும். மீனை மணலில் குவிப்பார்கள். வாங்க வந்தவர்கள் சுற்றி நிற்பார்கள். நடுவில் எமிலியானுஸ். அவர் விலையைக் கூறிக் கூறி ஏற்றுவார். அதற்குமேல் கேட்க ஆளில்லாத விலைக்கு மீன் போகும்.

கூறுகிறவருக்குக் கூலி ஒரு மீன். அந்தக் கரையில் அதற்கு ஒரு முறை இருந்தது. முதல் விலையைச் சொல்லுமுன்பே குவியலிலிருந்து ஒரு மீனை எடுத்து, கொஞ்சம் தள்ளி, எல்லாருடைய கண்ணிலும் படும்படி ஈர மணலில் வைத்துவிட வேண்டும். எடுத்து வைப்பவர் விற்கிறவரும் அல்ல, வாங்குகிறவரும் அல்ல; அன்றைய குவியலில் பங்கில்லாத ஒருவர். பிறகு விலை ஏறினாலும் இறங்கினாலும் அந்த மீன் அந்த மீன்தான். ஆகவே கூறுகிறவருக்கு விலையை ஏற்றியும் ஆகவேண்டியதில்லை, இறக்கியும் ஆகவேண்டியதில்லை. எமிலியானுசுக்கு முன்னிருந்தவர் ஒருமுறை, ஏலம் முடிந்த பிறகு, விற்றவரின் கையிலிருந்து ஒரு விளைமீனை வாங்கிவிட்டார். களவு ஒன்றும் செய்யவில்லை. மறந்துபோய் வாங்கினார். அடுத்த நாள் அவரைச் சுற்றி ஒருவரும் நிற்கவில்லை. அப்படித்தான் அந்த வேலை எமிலியானுசுக்கு வந்தது.

இளவயதில் அவர் சிலாபத்துக் கரைகளில் பல பருவம் தொழில் செய்தவர். சிங்களம் அங்கே பிடிபட்டது. பருவத்துக்குப் பருவம் அந்தப் பக்கத்து ஆட்கள் நெடுந்தீவில் வந்து கரையில் வாடி என்கிற கொட்டில் போட்டுத் தொழில் செய்வார்கள். அவர்களோடு கதைக்கவும் பகிடி விடவும் எமிலியானுஸ் இருந்தார். அந்தச் சிங்களம் வேறு எதற்கும் உதவும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

அப்படி வந்தவர்களில் ஒருவன் ஜுவானிஸ். சில்வெஸ்ரர் சம்மாட்டியாரிடம் இரண்டு பருவம் வேலை செய்தான். சம்மாட்டி என்றால் வள்ளமும் வலையும் சொந்தமாக உள்ளவர். ஆட்களை வைத்துத் தொழில் நடத்துபவர். ஆளுக்குக் காய்ச்சல் என்றால் மருந்து, பொலிஸ் பிடித்தால் பேச்சு, எல்லாம் சம்மாட்டிதான். இரண்டாம் பருவம் முடிந்தபோது கையில் காசு முடையாக இருந்ததால், சம்பளத்துக்குப் பதிலாகச் சம்மாட்டியார் ஜுவானிசுக்கு ஒரு நைலோன் வலையைக் கொடுத்தார். நைலோன் அப்போதுதான் கரைக்கு வந்திருந்தது. அதை வைத்திருப்பவனுக்கு ஒரு மதிப்பு.

வலை கைக்கு வந்ததும் ஜுவானிஸ் சம்மாட்டியாரிடம் திரும்பி வரவில்லை. இன்னொருவருடைய வள்ளத்தில் பங்குக்குச் சேர்ந்து தனக்கெனத் தொழில் செய்தான். நல்ல மீன்பாடு. சம்மாட்டியாருக்கு அது நெஞ்சில் ஏறிவிட்டது. 1962இல், பருவம் உச்சத்தில் நிற்கும்போது, தன் வலையை ஜுவானிஸ் களவெடுத்துவிட்டான் என்று பொலிசில் முறைப்பாடு கொடுத்தார். வலையும் ஆளும் பொலிசுக்குப் போயின. தீவில் பிணை நிற்க அவனுக்கு ஒரு சொந்தக்காரர் இல்லை. மறியல் சிறையில் போட்டார்கள்.

வழக்கு நடந்த கோட்டில் (நீதிமன்றத்தைக் கரையில் அப்படித்தான் சொல்வார்கள்) சிங்களத்துக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் முன்னர் இருந்தார். ஐம்பத்தாறில் சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்த பிறகு அவர் மாற்றலாகித் தெற்கே போனார். அந்தக் கதிரைக்கு வேறு ஆள் வரவில்லை. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மயில்வாகனம் முதலியார் இருந்தார். அவருக்குச் சிங்களம் தெரியாது. எனவே நடைமுறை இப்படியாகிவிட்டது: சிங்களம் தேவைப்பட்டால், தேவைப்பட்டவர் தன் செலவில் ஆள் கொண்டுவர வேண்டும். மறியலில் கிடக்கிற ஜுவானிஸ் யாரைக் கொண்டுவருவான்?

சம்மாட்டியார் கொண்டுவந்தார். அதில் ஒருவருக்கும் ஒரு பிழையும் தெரியவில்லை. ஆளுக்குப் பேசுவது சம்மாட்டியின் வேலைதானே. முறைப்பாட்டுக்காரரும் அவரே என்பது கரையில் ஒருவருடைய மண்டையிலும் ஏறவில்லை. எமிலியானுசுடைய மண்டையிலும்தான். அவர் வெள்ளை வேட்டி கட்டி, சம்மாட்டியாரின் மோட்டர் வள்ளத்தில் ஏறி, கோட்டு வளவில் வேப்பமர நிழலில் சம்மாட்டியாருக்குப் பக்கத்தில் இருந்து, சம்மாட்டி வீட்டுச் சோற்றுப் பொதியை அவிழ்த்துச் சாப்பிட்டார். கணவாய்க் கறி. நன்றாக இருந்தது என்று பிறகு வெட்கத்தோடு சொன்னார்.

ஜுவானிசைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்த அறையின் யன்னல் அந்த மரத்தைப் பார்த்தபடி இருந்தது.

வழக்கைக் கூப்பிட்டார்கள். எமிலியானுஸ் வேதப் புத்தகத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தார். வலையைக் களவெடுத்தானா இல்லையா என்று நீதவான் கேட்டதைச் சிங்களத்தில் சொன்னார். ஜுவானிஸ் அவரை நெடுநேரம் பார்த்தான். பிறகு சில வசனம் பேசினான். எமிலியானுசின் முகம் கறுத்தது.

"என்ன சொல்லுறார்?" என்று நீதவான் கேட்டார்.

சொன்னதைச் சொல்வதாகச் சத்தியம் செய்தாயிற்று. எமிலியானுஸ் சொன்னார். அவருக்கு மெல்லச் சொல்லத் தெரியாது. கோடு முழுக்கக் கேட்டது.

"இந்த மனிசன் நல்லவர் எண்டு எனக்குத் தெரியும். ஆனா இண்டைக்கு இவரின்ரை மீனைச் சம்மாட்டியார் எடுத்து வைச்சிருக்கிறார். இவருக்குள்ளாலை நான் ஒரு சொல்லும் கதைக்க மாட்டன்."

பின் வாங்குப் பலகையில் இருந்த கரையாட்கள் சிரித்துவிட்டார்கள். சேவகர் அதட்டினார். மீனுக்கும் வழக்குக்கும் என்ன தொடர்பு என்று நீதவானுக்கு விளங்கவில்லை. அவர் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரக் குடும்பத்து மனிதர். எமிலியானுஸ் தன் வாயாலேயே கரை வழக்கத்தை விளக்கவேண்டி வந்தது. தன்னை நம்பாததற்குரிய நியாயத்தைத் தானே எடுத்துச் சொன்னார். நீதவான் வழக்கைத் தள்ளிவைத்தார். ஜுவானிஸ் மறியலுக்குத் திரும்பிப் போனான்.

சம்மாட்டியார் வள்ளத்தடியில் காத்து நின்றார். எமிலியானுஸ் ஏறவில்லை. கூலி என்று நீட்டியதையும் வாங்கவில்லை. பஸ்சும் லோஞ்சுப் படகுமாக வீடு வந்து சேரப் பொழுது பட்டுவிட்டது.

வீட்டில் பெண்சாதி அல்போன்சம்மாவுக்கு முன்னமே கதை வந்திருந்தது.

"சிங்களத்திலை உங்களுக்குப் பேச்சு விழுந்ததாம், அதைத் தமிழிலையும் நீங்களே சொன்னீங்களாம்," என்றார்.

"சொன்னனான்."

"வேறை ஆராவது எண்டால் கொஞ்சம் மாத்திச் சொல்லியிருப்பினம்."

"மாத்தியிருந்தால் அவன் சொன்னது மெய்யாய்ப் போயிருக்கும்."

சாப்பாட்டைப் போட்டுவிட்டு அவர் எதிரில் இருந்தார். எமிலியானுசுக்குக் கோபம் தீரவில்லை. தான் ஒரு சொல்லைக்கூடப் பிரட்டியிருக்க மாட்டேன் என்றார். அது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், கூண்டுக்குள் நிற்கிறவனுக்கு எப்படித் தெரியும் என்று அல்போன்சம்மா கேட்டார். எமிலியானுஸ் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினார். முன்னிருந்தவர் கையில் வாங்கிய அந்த விளைமீன் அவர் கண்ணுக்கு முன் நின்றிருக்க வேண்டும்.

அடுத்த தவணைக்கு அவர் யாரும் கூப்பிடாமல் தானாகப் போனார். வழக்கு வந்ததும் பின் வாங்கிலிருந்து எழுந்து நின்றார். இந்த ஆளுக்கு மொழி சொல்லத் தான் தயார், ஆனால் தன்னுடைய கூலியைக் கோடுதான் தரவேண்டும், அதுவும் வழக்குத் தொடங்குமுன் இந்த ஆள் பார்த்திருக்கத் தரவேண்டும் என்றார். இல்லாவிட்டால் சத்தியம் செய்யமாட்டேன்.

சம்மாட்டியாருக்காக வழக்குப் பேச வந்திருந்த பிறக்கிராசியார் பரராசசிங்கம் எழும்பினார். நல்ல வாய். சம்மாட்டியார் கூலி கொடுக்க மறுக்கவில்லை என்றார். எதிரிக்குச் சந்தேகமென்றால் அவன் பாதி கொடுக்கட்டும், இவர் பாதி கொடுக்கட்டும். மீனை நடுவாலே வெட்டினால் சரிதானே என்று கேட்டார். கோடு சிரித்தது.

எமிலியானுசும் சிரித்தார். "ரெண்டு பேரிட்டையும் வாங்கினால் ரெண்டு பேருக்கும் விலைபோனவன் எண்டு பேர் வரும் ஐயா. இப்ப ஒராளுக்குத்தான் போயிருக்கிறன்."

நீதவான் முதலியாரைப் பார்த்தார். மயில்வாகனம் முதலியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி நிலைமையைச் சொன்னார். சிங்கள மொழிபெயர்ப்பாளருக்கென்று இந்தக் கோட்டுக்குப் பணம் ஒதுக்கவில்லை. கேட்டு எழுதினோம். கடிதம் சிங்களத்தில் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சிங்களத்தில் எழுதுவதற்கு இங்கே சிங்கள மொழிபெயர்ப்பாளர் இல்லை. அதற்கு ஒருவரைத் தரச்சொல்லித்தான் எழுதினோம்.

இந்தமுறை நீதவானும் சிரித்தார். ஆனால் கூண்டுக்குள் நின்றவன் சிரிக்கவில்லை. அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அங்கு நடந்த எல்லாம் அவனைப் பற்றியே நடந்தன. ஒரு சொல் அவனிடம் போய்ச் சேரவில்லை. எமிலியானுஸ் அதைக் கண்டார். பிறகு கோட்டின் பக்கத்து யன்னலைக் கண்டார். அங்கே இரண்டு பேர் நின்று பெருவிரல் அடையாளம் வைத்துக் காசு வாங்கிக்கொண்டிருந்தார்கள். வேறொரு வழக்கில் சாட்சி சொல்லிவிட்டு வந்தவர்கள்.

"அந்த யன்னலிலை குடுக்கிறது ஆரின்ரை காசு, ஐயா?"

சாட்சிக்காரருக்கான படி, அரசாங்கப் பணம் என்றார் முதலியார்.

"அப்ப எனக்கும் அழைப்பாணை அனுப்புங்கோ. சாட்சிக்காரனைக் கூப்பிடுற மாதிரிக் கோடு என்னைக் கூப்பிடட்டும். அந்த யன்னலிலையே தாங்கோ."

சாட்சி என்றால் எதையாவது கண்டிருக்க வேண்டும் என்று பரராசசிங்கம் தடை சொன்னார். அது அவர் சொல்லவேண்டியதுதான். நீதவான் பேனையை மேசையில் வைத்தார். ஒரு வழக்கை விளங்குவதற்குத் தேவையான ஆளைக் கோடு அழைக்கக்கூடாது என்று எங்காவது விதி உண்டா என்று முதலியாரைக் கேட்டார். முதலியார் நேரே பார்த்து, தான் காணவில்லை என்றார். அந்தச் சொல்லை அவர் விருப்பத்தோடு சொன்னதுபோல எமிலியானுசுக்குப் பட்டது.

படி வழக்கமாக வழக்கு முடிந்த பிறகுதான் கொடுபடும் என்று நீதவான் சொன்னார்.

"பிறகு வாங்கினால் எங்கடை கரையிலை ஒருத்தரும் பக்கத்திலை வரமாட்டினம், ஐயா."

முன்னமே கொடுக்கும்படி நீதவான் எழுதினார்.

அதற்குள் கரையில் எமிலியானுசுக்குச் சோதனை தொடங்கிவிட்டது. சில்வெஸ்ரர் சம்மாட்டியார் தன்னுடைய வள்ளங்களை அடுத்த இறங்குதுறைக்குத் திருப்பினார். பாதி மீன் அங்கே போயிற்று. சம்மாட்டியாரைப் பகைக்க விரும்பாத சிலரும் போனார்கள். ஒதுக்கி வைக்க மீன் இல்லாத காலைகள் வந்தன. அல்போன்சம்மா ஒடியல் கூழைத் தண்ணீராகக் காய்ச்சினார். ஒருநாளும் குறை சொல்லவில்லை. ஆனால் கூழை ஊற்றும்போது அகப்பையைச் சட்டியில் அடித்த சத்தம் பக்கத்து வளவுக்குக் கேட்டது.

மீன் வாங்குகிற தம்பு வேறு விதமாகக் குத்தினார். அவர் எமிலியானுசுக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை, உரிமையோடு பேசுபவர்.

"அண்ணை, தெற்கிலை எங்கடை பெடியள் கோட்டிலை நிக்கேக்கை ஆர் தமிழிலை சொல்லினம்? தங்கடை பாசை மட்டும் எண்டு சட்டம் போட்டவங்களுக்கு நீங்கள் இஞ்சை வாய் குடுக்கிறியள். உங்களுக்கென்ன விசரோ?"

சுற்றி நின்றவர்கள் என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்தார்கள். தம்பு கேட்டதில் ஞாயம் இருந்தது. ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் தெற்கிலிருந்து உடுத்த உடுப்போடு கப்பலில் வந்திறங்கியவர்கள் அந்தக் கூட்டத்திலும் நின்றார்கள்.

"சட்டம் போட்டது ஜுவானிசோ?" என்றார் எமிலியானுஸ். "அவனுக்குத் தன்ரை பேர் எழுதவே தெரியாது. அங்கை நிக்கிற எங்கடை பெடியனுக்கு ஒருத்தன் வேணுமோ இல்லையோ? அதைச் சொல்லு."

"வேணும்தான்."

"அரசாங்கக் காசிலை வேணும். அவன்ரை முதலாளியின்ரை காசிலை இல்லை. இல்லையோ?"

தம்பு கூடையை மற்றத் தோளுக்கு மாற்றினார்.

"அப்ப இஞ்சை ஒருக்கால் நடக்கட்டும். பிறகு அங்கை கேக்க எங்களுக்கு வாய் இருக்கும்."

அந்த வாரமே கோட்டுச் சேவகர் லோஞ்சில் வந்து இறங்கினார். வீட்டுக்குப் போனார், ஆள் இல்லை. நேரே கரைக்கு வந்தார். ஏலம் நடந்துகொண்டிருந்தது. எமிலியானுஸ் சூடை மீன் குவியல் ஒன்றுக்கு மேல் நின்று விலை கூறிக்கொண்டிருந்தார். பொலிஸ் சட்டைபோல ஒன்றைக் கண்டதும் இரண்டொருவர் மெல்லப் பின்வாங்கினார்கள். சேவகர் எல்லாருக்கும் கேட்க அவருடைய பெயரைச் சொல்லி, நீதிமன்றம் உம்மை அழைக்கிறது என்று கடதாசியை நீட்டினார்.

எமிலியானுஸ் கையை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கினார். அதை மேலே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார்.

"வடிவாய்ப் பாருங்கோ. கோட்டுக்காரர் என்ரை மீனை எடுத்து வைச்சிட்டினம்."

அன்றைக்குக் கரையில் விழுந்த சிரிப்பு சம்மாட்டியாரின் வாடிவரைக்கும் போயிருக்கும். அடுத்த நாள் காலை, அடுத்த துறைக்குப் போன வள்ளங்களில் இரண்டு திரும்பி வந்தன.

தவணை நாள். எமிலியானுஸ் சொந்தக் காசில் லோஞ்சும் பஸ்சும் எடுத்தார். அல்போன்சம்மா அவித்த பிட்டைச் சொந்தப் பொதியில் கொண்டுபோய், யன்னலுக்கு நேரே, வேப்பமரத்தடியில் தனியாக இருந்து சாப்பிட்டார். வேண்டுமென்றே ஆறுதலாகச் சாப்பிட்டார். சம்மாட்டியார் மறுபக்கம் நின்றார். இரண்டு பேரும் ஒரு கோயில் ஆட்கள். தலையை மட்டும் அசைத்துக்கொண்டார்கள்.

வழக்கைக் கூப்பிடுமுன் முதலியார் எழுந்து போய், படியைக் கொண்டுவந்து, நீதவானின் மேசையில் எல்லாரும் பார்க்க வைத்தார். அது எதற்கென்று ஜுவானிசுக்குச் சொல்லும்படி நீதவான் சொன்னார். எமிலியானுஸ் சொன்னார். ஜுவானிஸ் மேசையைப் பார்த்தான், எமிலியானுசைப் பார்த்தான். தலையை ஆட்டினான். பேசத் தொடங்கினான்.

அடைத்துக் கிடந்தது எல்லாம் வந்தது. இரண்டு பருவம் உழைத்தது, வலையைச் சம்மாட்டியாரே தூக்கித் தோளில் போட்டது, அதைப் பட்டப்பகலில் அவருடைய வள்ளங்களுக்குப் பக்கத்திலேயே போட்டுப் பிடித்தது. சம்மாட்டியார் இல்லை என்றார். வலை தன் வாடியிலிருந்து காணாமற்போனது என்றார். கொடுத்ததைக் கண்ட சாட்சி ஒருவரும் இல்லை. பரராசசிங்கம் தன் கதிரையில் சாய்ந்தார். ஒருவன் சொல், மற்றவன் சொல். ஒருவர் சம்மாட்டி, மற்றவன் வாடிக்காரன். அது எந்தப் பக்கம் சாயும் என்பது தெரிந்த விசயம்.

எமிலியானுசுக்கு ஒரு விசயம் தெரியும். கரையில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் தெரிந்ததைச் சொல்ல அவருக்கு அங்கே இடமில்லை. ஏலம் கூறுகிறவர் தன் பங்குக்கு ஒரு விலை கேட்டுவிட்டால் அதோடு ஏலம் முடிந்தது. ஜுவானிசைப் பார்க்கவும் பயமாக இருந்தது. கண்ணால் காட்டிக்கொடுத்துவிடுவோமோ என்று மேசையிலிருந்த படியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சம்மாட்டியாரிடம் கேட்க ஏதாவது கேள்வி உண்டா என்று நீதவான் கேட்டார். ஜுவானிஸ் யோசித்தான். பிறகு ஒன்று கேட்டான். எமிலியானுஸ் ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டு, கரையில் நின்று சொல்வதுபோலச் சொன்னார்.

"அந்தோனியார் திருநாளுக்கு முதல் நாள் உங்கடை வீட்டுக்கு ஒரு பாரை மீன் வந்ததே. அது எந்த வலையிலை பட்டது?"

பின் வாங்குகளில் ஒரே இரைச்சல். சில்வெஸ்ரர் சம்மாட்டியார் கண்ணை நிலத்தில் போட்டார். நீதவானுக்கு மட்டும் விளங்கவில்லை. ஒரு பாரையில் என்ன இருக்கிறது என்று எமிலியானுசையே கேட்டார். முந்தியும் அவர்தானே மீன் கதையை விளக்கினவர்.

சொல்ல எல்லாம் நாக்கின் நுனியில் நின்றது. எமிலியானுசின் வாழ்க்கையில் அவ்வளவு பாரமான வாய் அவருக்கு இருந்ததில்லை.

"அவன் சொன்னது இவ்வளவும்தான் ஐயா. மிச்சத்தை அவனிட்டைத்தான் கேக்க வேணும்."

நீதவான் அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு, ஜுவானிசைக் கேட்கச் சொன்னார். ஜுவானிஸ் சொன்னான். எமிலியானுஸ் அப்படியே சொன்னார்: இந்தத் தீவில், புது வலையில் முதல் படுகிற பெரிய மீனை, அந்த வலை யாருடைய கையிலிருந்து வந்ததோ அவருடைய வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். எனக்கு அந்த வழக்கத்தைச் சொல்லித்தந்ததே சம்மாட்டியார். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். வலையைக் களவு கொடுத்தவர் என்றால் அந்த மீனை ஏன் வாங்கினார்?

நீதவான் சம்மாட்டியாரின் பக்கம் திரும்பினார். அந்தப் பாரை வந்ததா?

சில்வெஸ்ரர் சம்மாட்டியார் கோபக்காரர். பொய்க்காரராகப் பழகினவர் அல்ல. சத்தியம் செய்த கையை வேட்டியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வந்தது ஐயா."

"திருப்பி அனுப்பினீரோ?"

"இல்லை. சமைச்சனாங்கள்."

பரராசசிங்கம் தன் கடதாசிகளைச் சுருட்டிக் கட்டினார். ஜுவானிஸ் விடுதலை, வலையை அவனிடமே கொடுக்கவேண்டும் என்று நீதவான் சொன்னார். அதையும் எமிலியானுஸ்தான் சிங்களத்தில் சொல்ல வேண்டும். வழக்கு முழுவதும் கல்லுப்போல நின்ற மனிதருக்கு அந்த வசனத்தில் மட்டும் குரல் உடைந்தது. அவருடைய குரல் அதற்கு முன் உடைந்ததை ஒருவரும் கேட்டதில்லை.

வெளியில் விறாந்தையில் ஜுவானிஸ் அவருடைய கையைப் பிடிக்க வந்தான். எமிலியானுஸ் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போகும்படி தலையால் காட்டினார். பிறகு யன்னலுக்குப் போய்க் கையொப்பம் வைத்தார்.

அதன் பின் சிங்கள வழக்கு வரும்போதெல்லாம் அவருக்கு அழைப்பாணை வந்தது. புத்தகோவில் பார்க்க நயினாதீவுக்கு வந்து சண்டையில் மாட்டினவர்கள், கடற்படைப் பையன்கள், வாடிக்காரர்கள். சில்வெஸ்ரர் சம்மாட்டியாரே ஒருமுறை, சிலாபத்து வியாபாரி ஒருவரோடு வந்த வழக்கில், எமிலியானுசைத்தான் கோடு கூப்பிடவேண்டும் என்று கேட்டார். முதலியார் தன் கடிதங்களை நிறுத்தவில்லை. சில ஆண்டு கழித்து அந்தக் கோட்டுக்கு மொழிபெயர்ப்புக்கென்று ஆண்டு தொடங்குமுன்பே பணம் ஒதுக்கப்பட்டது. செய்தியைக் கொண்டுவந்தபோது, "உம்முடைய மீனை அரசாங்கம் எடுத்து வைத்துவிட்டது," என்றுதான் முதலியார் சொன்னாராம். குரல் போகும்வரை எமிலியானுஸ் போய் வந்தார். அவருக்குப் பின் ஒரு பெண்பிள்ளை நியமனத்தோடு வந்தார். எமிலியானுசின் சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்தவர்களில் அவரும் ஒருவர்.

ஆனால் கரையில் இன்றும் அந்த வழக்கைப் பற்றி யாராவது சொன்னால், கோட்டில் நடந்ததைச் சொல்வதில்லை. அடுத்த நாள் கரையில் நடந்ததைத்தான் சொல்கிறார்கள்.

மறியலால் வந்த ஜுவானிஸ் அன்று மாலையே வலையைப் போட்டான். விடிய வள்ளம் வந்தது. குவியலுக்கு மேல் ஒரு பெரிய பாரை. அதைத் தூக்கிக்கொண்டு எமிலியானுசிடம் நேரே வந்தான். எமிலியானுஸ் இரண்டடி பின்னால் போனார். குவியலில் போடடா என்று சிங்களத்தில் சத்தமிட்டார். பங்கில்லாத ஒருவர் வந்து, வழக்கம்போல, சின்ன விளைமீன் ஒன்றை எடுத்து ஈர மணலில் வைத்தார். பாரை குவியலிலேயே கிடந்தது.

ஏலம் தொடங்கியது. தம்பு ஒரு விலை கேட்டார். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் அதற்குமேல் கேட்டது. எல்லாரும் திரும்பினார்கள். அல்போன்சம்மா. சீலைத் தலைப்பில் கோட்டுப் படி முடிச்சாக இருந்தது.

தம்பு சிரித்துக்கொண்டு ஏற்றினார். அல்போன்சம்மா ஏற்றினார். தம்பு இன்னும் ஏற்றினார். பகிடிக்கு ஏற்றுகிறார் என்று எல்லாருக்கும் தெரியும். எமிலியானுஸ் யாருக்கும் முகம் காட்டவில்லை. பெண்சாதி கேட்ட விலையையும் தம்பி கேட்ட விலையையும் ஒரே குரலில் கூறினார்.

"என்ன மச்சாள், அண்ணை உங்களுக்கு விலை இறக்கித் தரமாட்டாரோ?" என்றார் தம்பு.

"அந்தாளிட்டைக் கேட்டுப் பாரும்," என்றார் அல்போன்சம்மா, முடிச்சை அவிழ்த்தபடி. "நான் கேக்கிறது கோட்டுக் காசிலை."

தம்பு கையை விரித்து ஒதுங்கினார். எமிலியானுஸ் அந்த விலையை மூன்றுமுறை கூறினார். மூன்றாவது முறை கடலில் பின்னுக்கு வந்துகொண்டிருந்த வள்ளங்களுக்கும் கேட்டது. அங்கே நின்றவர்கள் துடுப்பைத் தூக்கிக் காட்டினார்கள்.